சமூக வலுவூட்டல்

சமூக வலுவூட்டல் என்பது ஒருவரது நடத்தையைத் தொடர்ந்து பிறரிடமிருந்து கிடைக்கும் கவனிப்பு, புன்னகை, பாராட்டு, தலையசைப்பு, தொடுகை, இசைவுச் சொல் போன்றவற்றால் அந்நடத்தை மீண்டும் நிகழும் வாய்ப்பு மிகுவதைக் குறிக்கும் உளவியல் கருத்தாகும். நடத்தையியல் உளவியலில், குறிப்பாகச் செயல்படு ஆக்கநிலையிறுத்தக் கோட்பாட்டில், இது ஓர் அடிப்படைக் கருத்தாக விளங்குகிறது. பசித்த எலிக்கு உணவு எவ்வாறோ அவ்வாறே மனிதருக்கு மற்றொரு மனிதரின் எதிர்வினையும் நடத்தையை வலுப்படுத்த வல்லது என்பது இதன் சாரம்.

இக்கருத்தைப் பயில்வோர் பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. ஒரு செயல் வலுவூட்டலா அல்லவா என்பது அதனைக் கொடுப்பவரின் நோக்கத்தால் தீர்மானிக்கப்படுவதில்லை. பெறுபவரின் நடத்தையில் ஏற்படும் விளைவாலேயே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே பாராட்டு எல்லா இடத்திலும் வலுவூட்டி ஆகாது. திட்டு எல்லா இடத்திலும் தண்டனை ஆகாது. தாம் அடக்க விரும்பும் நடத்தையையே பெற்றோரும் ஆசிரியரும் செவிலியரும் தம்மையறியாமல் வளர்த்துவிடுவது எவ்வாறு என்பதை விளக்கியதே இக்கருத்தின் பெரும்பயன் எனலாம்.

சொல்லும் வரைவிலக்கணமும்

தமிழ் உளவியல் நூல்களில் இக்கருத்துக்கு வலுவூட்டல், வலுப்படுத்தல், மீளவலியுறுத்தல் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இக்கட்டுரையில் வலுவூட்டல் என்ற சொல்லே ஆளப்படுகிறது. நடத்தையை வலுப்படுத்தும் பொருளை அல்லது நிகழ்வை வலுவூட்டி என்பர்.

உணவு, நீர் போன்றவை கற்றலின்றியே வலுவூட்டிகளாக அமைவதால் அவை முதன்மை வலுவூட்டிகள் எனப்படும். மதிப்பெண், பணம் போன்றவை பிற வலுவூட்டிகளுடன் இணைந்து வந்ததனால் ஆற்றல் பெற்றவை. இவை வழிநிலை வலுவூட்டிகள். பிறரது கவனிப்பும் பாராட்டும் எவ்வகையின என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. குழந்தைக்குப் பாலும் வெதுவெதுப்பும் எப்போதும் ஒரு முகத்தோடு சேர்ந்தே வருவதால் அம்முகம் பின்னர் தானே வலுவூட்டியாகிறது என்பது ஒரு விளக்கம். மனித முகத்தின்பாலும் குரலின்பாலும் உள்ள ஈர்ப்பில் ஒரு பங்கு பிறவியிலேயே அமைந்தது என்பது மற்றொன்று. இரண்டும் ஓரளவு உண்மையாக இருப்பதற்கு எத்தடையும் இல்லை.

நேர்மறை வலுவூட்டல், எதிர்மறை வலுவூட்டல் என்ற சொற்களும் அடிக்கடி குழப்பத்தை விளைவிக்கின்றன. ஒன்று வந்து சேர்வதால் நடத்தை வலுப்பெற்றால் அது நேர்மறை வலுவூட்டல். ஒன்று விலகுவதால் வலுப்பெற்றால் அது எதிர்மறை வலுவூட்டல். எதிர்மறை வலுவூட்டல் என்பது தண்டனையன்று. நச்சரிப்பவர் வாயை மூடுவதற்காக அவர் கேட்டதைக் கொடுத்துவிடுவது எதிர்மறை வலுவூட்டலுக்கு எடுத்துக்காட்டு. கொடுத்தவருக்கு அமைதி கிடைத்தது; கொடுக்கும் பழக்கம் அவரிடம் வலுப்பட்டது.

கருத்தின் தோற்றம்

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து, அவை வெளியேறக் கற்கும் வேகத்தை அளந்தார். மனநிறைவு தரும் விளைவைப் பெற்ற செயல் நிலைபெறுகிறது என்ற அவருடைய முடிவு விளைவு விதி எனப் பெயர் பெற்றது. பி. எஃப். ஸ்கின்னர் 1938 இல் வெளிவந்த தமது முதல் நூலில் எலிகளைக் கொண்டு இதனை விரிவான சோதனைமுறையாக வளர்த்தார். மனநிறைவு போன்ற அகநிலைச் சொற்களை விடுத்து, நடத்தை நிகழும் வீதத்தை மட்டுமே அளவுகோலாக அவர் கொண்டார்.

மனித சமூகத்துக்கு இக்கோட்பாட்டை ஸ்கின்னர் விரித்துரைத்தது 1953 ஆம் ஆண்டு நூலிலாகும். பிறரது கவனிப்பு, இசைவு, அன்பு, பணிவு ஆகியவற்றை அவர் பணத்தோடு ஒரே வரிசையில் வைத்துப் பொதுமை வலுவூட்டிகள் என்று அழைத்தார். இவற்றுள் கவனிப்பை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒருவர் நம்மைக் கவனித்தால்தான் அவரிடமிருந்து வேறு எதுவும் நமக்குக் கிடைக்கும். உணவாயினும் உதவியாயினும் முதலில் கவனிப்பு வந்தாக வேண்டும். ஆதலால் கவனிப்பு ஏறக்குறைய எல்லா வலுவூட்டிகளுக்கும் வாயிலாக அமைந்துவிடுகிறது.

1957 இல் வெளியான மொழி நடத்தை பற்றிய நூலில் அவர் இன்னும் ஒரு படி சென்றார். கதவைத் தள்ளினால் கதவு திறக்கும்; கதவைத் திறக்கச் சொன்னால் மற்றொருவர் திறந்தால்தான் திறக்கும். எனவே பேச்சு என்பது பிறர் வாயிலாக மட்டுமே வலுவூட்டல் பெறும் நடத்தை என்று அவர் வரையறுத்தார்.

உம் கொட்டுதலும் உரையாடலும்

இக்கருத்தை முதலில் சோதித்தவர்களுள் ஜோயல் கிரீன்ஸ்பூன் குறிப்பிடத்தக்கவர். 1955 இல் வெளியிடப்பட்ட அவரது ஆய்வில், கல்லூரி மாணவர்கள் மனத்தில் தோன்றும் சொற்களைத் தனித்தனியாகச் சொல்லுமாறு கேட்கப்பட்டனர். ஆய்வாளர் மாணவருக்குப் பின்னால் அமர்ந்துகொண்டு, பன்மைப் பெயர்ச்சொல் வரும்போதெல்லாம் "ம்ம்" என்று உம் கொட்டினார். பன்மைச் சொற்களின் எண்ணிக்கை கூடியது. மறுப்பொலி எழுப்பியபோது அது குறைந்தது.

அதே ஆண்டில் வில்லியம் வெர்ப்ளாங்க் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, சாதாரண உரையாடல்களில் இதனைச் சோதித்தார். மறுபக்கத்தவர் கருத்துக் கூறும்போதெல்லாம் ஆமோதித்தால் அல்லது அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொன்னால், கருத்துரைகள் மிகுந்தன. ஆமோதிப்பதை நிறுத்தியபோது குறைந்தன. தாம் ஒரு சோதனைக்கு உட்பட்டிருப்பதைப் பேசியவர்கள் அறியவில்லை.

இந்த ஆய்வு பெரும் புகழ் பெற்றது. எனினும் 1961 இல் நேதன் அஸ்ரினும் அவருடைய கூட்டாளிகளும் இதனை மீண்டும் செய்ய முயன்றபோது கசப்பான உண்மைகள் வெளிப்பட்டன. தரவு சேகரித்த மாணவர்களிற் பலர் முறைப்படி சோதனையை நடத்தவில்லை. சிலர் எண்களைப் புனைந்திருந்தனர். மேலும் எந்த முடிவு வரும் என எதிர்பார்த்தனரோ அதே முடிவையே அவர்கள் கொண்டுவந்தனர். பேராசிரியர் எதிர்பார்க்கும் விடையைக் கொணர்ந்து இசைவு பெறுவதும் சமூக வலுவூட்டலே என்று ஒருவர் சொன்னால் அதை மறுப்பது கடினம்!

கிரீன்ஸ்பூனின் முடிவுகள் மீதும் வினாக்கள் எழுந்தன. சோதனைக்கு உட்பட்டோர் எந்தச் சொல்லுக்கு உம் கொட்டப்படுகிறது என்று ஓரளவு ஊகித்தே அவ்வாறு செய்தனர், எனவே இது அறியாமலே நிகழும் கற்றல் அன்று என்று டான் டுலனி 1961 இல் வாதிட்டார். இவ்வாதம் நெடுங்காலம் நீடித்தது. ஊகிக்கும் ஆற்றலே இல்லாதோரிடமும் இவ்விளைவு காணப்படுமா என்ற வினாவுக்கு விடை கைக்குழந்தைகளிடம் கிடைத்தது.

கைக்குழந்தைகளிடம் ஆய்வு

1959 ஆம் ஆண்டு ஹாரியட் ரைன்கோல்ட், ஜேக்கப் கெவிர்ட்ஸ், ஹெலன் ராஸ் ஆகிய மூவரும் காப்பகம் ஒன்றில் வளர்ந்த மூன்று மாதக் குழந்தைகள் 21 பேரிடம் ஆய்வு நடத்தினர். முதல் இரண்டு நாட்கள் ஆய்வாளர் முகத்தில் எவ்வித உணர்ச்சியும் காட்டாமல் தொட்டிலின் மேல் குனிந்து நின்றார். அப்போது குழந்தை எழுப்பும் ஒலிகள் எண்ணப்பட்டன. இது அடிநிலை அளவு. அடுத்த இரண்டு நாட்கள் குழந்தை ஒலியெழுப்பியவுடன் ஆய்வாளர் புன்னகைத்து, நாவினால் "ச்சு ச்சு" என ஒலித்து, வயிற்றை மெல்லத் தொட்டார். ஒலிகளின் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்தது. இறுதி இரண்டு நாட்கள் மீண்டும் உணர்ச்சியற்ற முகம். ஒலிகள் மீண்டும் குறைந்தன.

புன்னகையும் தொடுகையும் குழந்தையைப் பொதுவாகக் கிளர்ச்சியூட்டியதால்தான் ஒலிகள் மிகுந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. பால் வைஸ்பெர்க் 1963 இல் இதனைப் பிரித்தறிந்தார். குழந்தை ஒலித்ததா இல்லையா என்று பாராமல் அவ்வப்போது புன்னகைத்துத் தொட்டதனால் ஒலிகள் மிகவில்லை. குழந்தை ஒலித்தவுடன் மணி ஒன்றை ஒலிக்கச் செய்ததாலும் மிகவில்லை. குழந்தையின் ஒலியைத் தொடர்ந்து உடனே மனிதரின் எதிர்வினை வந்தபோது மட்டுமே மிகுந்தன. இத்தொடர்பையே நடத்தையியலார் சார்பு நிலை என்பர். பரிசின் அளவைவிட, எந்தச் செயலை ஒட்டி அது வருகிறது என்பதே முதன்மையானது.

பாலர் பள்ளி ஆய்வுகள்

1960களின் தொடக்கத்தில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் நடந்த ஆய்வுகள் இத்துறையின் திருப்புமுனை எனலாம். மூன்று வயது கடந்த சிறுமி ஒருத்தி நடக்கத் தெரிந்திருந்தும் பள்ளியில் பெரும்பாலான நேரம் தவழ்ந்தே திரிந்தாள். ஆசிரியர்கள் இரக்கத்தோடு அருகில் சென்று அவளைத் தேற்றினர். ஆய்வாளர்கள் இதனைத் தலைகீழாக மாற்றினர். அவள் எழுந்து நிற்கும்போது கவனிப்பு. தவழும்போது கவனிப்பு இல்லை. சில நாட்களிலேயே அவள் மற்றக் குழந்தைகளைப் போல் ஓடியாடினாள். உறுதி செய்வதற்காகச் சிறிது காலம் பழைய முறைக்குத் திரும்பியபோது மீண்டும் தவழ்ந்தாள். 1964 இல் வெளியான இவ்வாய்வில் ஃபுளோரன்ஸ் ஹாரிஸ், மொன்ட்ரோஸ் வுல்ஃப் முதலியோர் பங்கு கொண்டனர்.

அதே ஆண்டில் ஐலீன் ஆலனும் அக்குழுவினரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நான்கு வயதுச் சிறுமியைப் பற்றியது. அவள் அறிவுக்கூர்மை மிக்கவள்; பெரியவர்களோடு நன்கு பேசுவாள்; ஆனால் பிற குழந்தைகளோடு விளையாட மாட்டாள். தனித்து நிற்கும்போதும் சிறு காயங்களைக் காட்டும்போதும் ஆசிரியர்கள் ஓடிவந்து பேசினர். அவளது நேரத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு மட்டுமே பிற குழந்தைகளோடு கழிந்தது. 40 விழுக்காடு பெரியவர்களோடு கழிந்தது. பிறகு அவள் குழந்தைகளோடு சேர்ந்திருக்கும்போது மட்டும் ஆசிரியர் கவனித்தார். குழந்தைகளோடு கழியும் நேரம் சுமார் 60 விழுக்காடாக உயர்ந்தது.

இவ்வாய்வில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆசிரியர் அவளிடம் மட்டும் தனியாகப் பேசினால் அவள் விளையாட்டை விட்டு ஆசிரியரிடம் ஒட்டிக்கொண்டாள். ஆகவே குழு முழுவதையும் நோக்கி, அவளும் அதில் ஓர் உறுப்பினர் என்ற முறையில் பேச வேண்டியிருந்தது. கவனிப்பு வலிமை மிக்க கருவி. அதைப் பிடிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

கான்சஸ் நகரில் வறிய மக்கள் வாழ்ந்த பகுதிப் பள்ளிகளில் வான்ஸ் ஹால், டையன் லண்ட், டெலோரிஸ் ஜாக்சன் ஆகியோர் நடத்தி 1968 இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வகையினதே. மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாட நேரத்தில் 25 விழுக்காடு மட்டுமே படிப்பில் ஈடுபட்டான். ஆசிரியரிடமிருந்து அவனுக்குக் கிடைத்த கவனிப்பில் பாதிக்கு மேற்பட்டது அவன் படிக்காமல் இருக்கும்போதே வந்தது. பின்னர் அவன் ஒரு நிமிடம் தொடர்ந்து படித்தால், பார்வையாளர் சிறு வண்ணத்தாளைத் தூக்கிக் காட்டுவார். ஆசிரியர் அவனருகே சென்று ஒரு சொல் பாராட்டுவார், தோளைத் தட்டுவார். படிப்பில் ஈடுபட்ட நேரம் சராசரி 71 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு வண்ணத்தாளும் தோளில் ஒரு தட்டும் தவிர இதற்கு வேறு செலவு இல்லை.

கண்டிப்பு வளர்க்கும் குறும்பு

சமூக வலுவூட்டலின் எதிர்பாராத முகத்தை மிகத் தெளிவாகக் காட்டியது சார்லஸ் மேட்சன், வெஸ்லி பெக்கர் முதலியோர் 1968 இல் வெளியிட்ட ஆய்வு. முதல் வகுப்புக் குழந்தைகள் இடத்தை விட்டு எழுந்து திரிந்தனர். ஆசிரியர்கள் "உட்கார்" என்று சொல்வது வழக்கம். அதனைப் பல மடங்கு அடிக்கடி சொல்லுமாறு ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டனர். விளைவு, எழுந்து நிற்போர் குறையவில்லை, மிகுந்தனர். உட்கார்ந்து வேலை செய்வோரைப் பாராட்டத் தொடங்கிய பின்னரே குறைந்தனர்.

ஆசிரியர்கள் ஏன் இதைக் கண்டறியவில்லை? "உட்கார்" என்றதும் அந்தக் குழந்தை அக்கணமே உட்கார்ந்துவிடுகிறது. ஆசிரியரின் கண்ணுக்கு அக்கட்டளை பலித்தது. கட்டளையிடும் பழக்கம் இவ்வாறு ஆசிரியரிடம் வலுப்படுகிறது; எழுந்து நிற்கும் பழக்கம் குழந்தையிடம் வலுப்படுகிறது. இருவரும் ஒருவரையொருவர் பயிற்றுவிக்கின்றனர். உடனடிப் பலனையே நோக்கினால் இச்சுழல் புலப்படாது. நாட்கணக்கில் எண்ணினால்தான் தெரியும். இதனைக் கண்டிப்புப் பொறி என்று கூறுவது பொருந்தும்.

ஒரேகன் மாநிலத்தில் பணியாற்றிய ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களில் இதே சுழலை ஆராய்ந்து 1982 இல் நூலாக்கினார். தாய் ஒன்றைச் செய்யச் சொல்கிறார், பிள்ளை கத்துகிறது, தாய் விட்டுவிடுகிறார், கத்தல் நிற்கிறது. கத்தினால் வேலையிலிருந்து தப்பலாம் என்று பிள்ளை கற்றது. விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று தாய் கற்றார். அடுத்த முறை தாய் உரத்த குரலில் தொடங்குகிறார், பிள்ளை இன்னும் உரத்துக் கத்துகிறது. வன்போக்குள்ள சிறுவர்கள் பலர் உருவாகும் முதற் பள்ளி இது என்பது பேட்டர்சனின் முடிவு. அவரது குழுவினர் வகுத்த பெற்றோர் பயிற்சி முறை பின்னர் பல நாடுகளில் பின்பற்றப்பட்டது.

மருத்துவமனையில்

கனடாவின் வெய்பர்ன் நகரிலிருந்த சஸ்காட்செவன் மனநல மருத்துவமனையில் தியோடோரோ அய்லோனும் ஜாக் மைக்கேலும் நடத்தி 1959 இல் வெளியிட்ட ஆய்வு செவிலியரின் கவனிப்பைப் பற்றியது. பெண் நோயாளி ஒருவர் இரண்டு ஆண்டுகளாகச் செவிலியர் அறைக்குள் ஓயாது நுழைந்துகொண்டிருந்தார். அவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுவதே வழக்கம். அவருக்குப் புரியும் திறன் இல்லை என்று கருதப்பட்டது. நுழையும்போது அவரைப் பொருட்படுத்த வேண்டாம் என்று செவிலியருக்குச் சொல்லப்பட்டது. நாளொன்றுக்கு 16 முறை நிகழ்ந்த வருகை ஏழு வாரங்களில் 2 முறையாகக் குறைந்தது. வெளியே தள்ளியதும் கவனிப்பே என்பது அப்போது விளங்கியது.

மற்றொரு நோயாளி மருட்சிப் பேச்சையே ஓயாது பேசினார். செவிலியர் அதற்குச் செவிகொடாமல், இயல்பான பேச்சுக்கு மட்டும் செவிகொடுத்தனர். மருட்சிப் பேச்சு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் பின்னர் மீண்டும் தலைதூக்கியது. பிரிவுக்கு வெளியே வேறொருவர் அப்பேச்சை அக்கறையோடு கேட்டு வந்தமை அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். நோய் தீர்ந்தது என்று அவர்கள் உரிமை கொண்டாடவில்லை. பேச்சு மாறியது என்று மட்டுமே கூறினர். இந்த வேறுபாட்டைப் பின்வந்தோர் சிலர் மறந்தனர்.

கவனிப்பை நிறுத்துதலும் அதன் இடர்களும்

வலுவூட்டல் நின்ற பின் நடத்தை படிப்படியாகத் தேய்ந்து இல்லாமற் போவதை மறைதல் என்பர். கார்ல் வில்லியம்ஸ் 1959 இல் வெளியிட்ட ஒருவரைப் பற்றிய சிறு ஆய்வு இதற்குச் சான்றாக எடுத்தாளப்படுவது. 21 மாதக் குழந்தை ஒன்று படுக்கையில் விட்டவுடன் வீறிட்டு அழும். முதல் 18 மாதங்கள் கடும் நோயுற்றிருந்து அப்போதுதான் தேறியிருந்தது. நோய்க்காலத்தில் தேவைப்பட்ட கவனிப்பு நோய் நீங்கியும் தொடர்ந்தது. குழந்தை தூங்கும்வரை பெற்றோரில் ஒருவர் அறையிலேயே இருக்க வேண்டியிருந்தது. மருத்துவர் தேர்வுக்குப் பின், படுக்கவைத்துவிட்டு வெளியேறுவது என முடிவாயிற்று. முதல் முறை குழந்தை 45 நிமிடம் அழுதது. பத்தாவது முறைக்குள் அழுகையே இல்லை.

ஒரு வாரம் கழித்து, படுக்கவைத்த அத்தை குழந்தையின் அழுகையைக் கேட்டு அறைக்குத் திரும்பினார். ஒரே ஒரு முறைதான். அழுகை முழு வேகத்தோடு மீண்டது. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இடையிடையே மட்டும் கிடைக்கும் வலுவூட்டல் நடத்தையை மேலும் உறுதியாக்கும் என்பது ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957 இல் விரிவாக நிறுவிய செய்தி. எப்போது பலிக்கும் என்று தெரியாத முயற்சியைக் கைவிடுவது கடினம். பத்து முறை மறுத்துப் பதினோராவது முறை இணங்கும் பெற்றோர், பதினொரு முறை கேட்கும் பிள்ளையை உருவாக்குகின்றனர்.

கவனிப்பை நிறுத்தியவுடன் நடத்தை குறைவதற்கு முன் சில காலம் மிகுவதும் உண்டு. இந்த எழுச்சியைக் கண்டு முறை பலிக்கவில்லை எனக் கைவிடுவோர், முன்னைவிட உரத்த நடத்தைக்கே பரிசளித்தவர்களாகின்றனர்.

இம்முறைக்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. சில்வியா பெல், மேரி எய்ன்ஸ்வர்த் ஆகியோர் 1972 இல் 26 தாய்–சேய் இணைகளை முதலாண்டு முழுவதும் நோக்கி, அழுகைக்கு உடனே செவிசாய்த்த தாய்மாரின் குழந்தைகள் ஆண்டிறுதியில் குறைவாகவே அழுதன என்று அறிவித்தனர். அழுகைக்கு விடையளிப்பது அழுகையை வளர்க்கும் என்ற எளிய கணக்கு இங்கு பொருந்தவில்லை. கெவிர்ட்ஸும் எலிசபெத் பாய்டும் 1977 இல் இவ்வாய்வின் அளவீட்டு முறையைக் குறைகூற, இருதரப்பும் மறுப்புரைகள் எழுதின. கைக்குழந்தையின் அழுகை முதலில் துன்பத்தின் குறி; பசி, வலி, நோய் ஆகியவற்றை நோக்காமல் அதனை வெறும் செயல்படு நடத்தையாக மட்டும் கொள்வது தவறு.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நடத்தை

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகள் சிலர் தலையை மோதிக்கொள்வதும் கையைக் கடித்துக்கொள்வதும் உண்டு. பார்த்தவர் பதறி ஓடிவந்து அணைத்து ஆறுதல் கூறுவது இயல்பு. அவ்வாறு செய்யாமலிருக்க எவராலும் இயலாது. ஆயினும் சிலரிடம் இந்த ஆறுதலே அந்நடத்தையை நிலைநிறுத்துகிறது.

எவரிடம் அவ்வாறு, எவரிடம் அன்று என்பதை எவ்வாறு அறிவது? பிரையன் இவாட்டாவும் கூட்டாளிகளும் 1982 இல் இதற்கு ஒரு முறை வகுத்தனர். குழந்தையை 15 நிமிட அமர்வுகளில் வெவ்வேறு சூழல்களில் வைத்து நோக்கினர். ஒன்றில், காயப்படுத்தும்போது மட்டும் பெரியவர் அக்கறையோடு கண்டிப்பார். மற்றொன்றில், கடினமான பணி கொடுத்து, காயப்படுத்தினால் பணியை நிறுத்துவார். வேறொன்றில் குழந்தை தனித்திருக்கும். இன்னொன்றில் விளையாட்டுப் பொருட்களும் கவனிப்பும் தாராளமாகக் கிடைக்கும். எச்சூழலில் நடத்தை மிகுகிறதோ அதிலிருந்து காரணம் ஊகிக்கப்பட்டது. இதனைச் செயற்பயன் பகுப்பாய்வு எனலாம்.

இம்முறையில் ஆராயப்பட்ட 152 பேரின் முடிவுகள் 1994 இல் தொகுத்து வெளியிடப்பட்டன. சுமார் 26 விழுக்காட்டினரிடம் கவனிப்பு முதலான நேர்மறைச் சமூக வலுவூட்டல் காரணமாக இருந்தது. சுமார் 38 விழுக்காட்டினரிடம் பணியிலிருந்து தப்புதல் காரணம். மற்றும் ஒரு கால் பங்கினரிடம் அந்நடத்தையே தரும் புலனுணர்வு காரணம். இதன் நடைமுறைப் பொருள் மிகப் பெரிது. "கண்டுகொள்ளாதே" என்ற ஒரே மருந்தை எல்லோருக்கும் கொடுத்திருந்தால் பெரும்பாலோருக்கு அது பயனற்றதாகவோ தீங்காகவோ முடிந்திருக்கும். பணியிலிருந்து தப்ப விரும்பும் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விடுவது அதற்குப் பரிசே.

கவனிப்புக்காகக் காயப்படுத்திக்கொள்வோரிடமும் கவனிப்பை நிறுத்துவதோடு நிற்க முடியாது. கவனிப்புத் தேவை என்பது குற்றமன்று. எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் ஆகியோர் 1985 இல் வேறு வழியைக் காட்டினர். நடத்தை எதை வேண்டுகிறதோ அதைச் சொல்லால் அல்லது சைகையால் கேட்கக் குழந்தைக்குக் கற்பித்து, கேட்டவுடன் கொடுத்தனர். தொல்லை தரும் நடத்தை குறைந்தது.

இழப்பும் நிறைவும்

பசியுள்ளவனுக்கே உணவு வலுவூட்டி. கவனிப்புக்கும் இது பொருந்துமா? கெவிர்ட்ஸும் டொனால்ட் பேயரும் 1958 இல் சிறு குழந்தைகளை 20 நிமிடம் தனியறையில் இருத்திய பின், கோலிக்குண்டுகளைத் துளைகளில் போடும் விளையாட்டில் பாராட்டின் விளைவை அளந்தனர். தனித்திருந்தோரிடம் பாராட்டு மிகுந்த விளைவைத் தந்தது. விளையாட்டுக்கு முன் தாராளமாகப் பாராட்டப்பட்டோரிடம் குறைந்த விளைவே ஏற்பட்டது. தனிமையால் எழுந்த அச்சமே காரணம் என்று வேறு சிலர் விளக்கினர். எவ்வாறாயினும், நாள் முழுவதும் கவனிப்பின்றி இருக்கும் குழந்தைக்கு ஒரு திட்டுகூட ஏன் இனிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இவ்வாய்வு உதவுகிறது.

பாராட்டின் எல்லைகள்

ஜீர் பிராஃபி 1981 இல் வெளியிட்ட ஆய்வுரையில், வகுப்பறையில் ஆசிரியர் வழங்கும் பாராட்டில் பெரும்பகுதி வலுவூட்டலாகச் செயற்படுவதே இல்லை என்று காட்டினார். அது குறிப்பிட்ட செயலைச் சார்ந்து வருவதில்லை. எதற்காகப் பாராட்டு என்பது மாணவருக்கு விளங்குவதில்லை. சில வேளைகளில் பாராட்டைப் பெற ஆசிரியரைத் தூண்டுவதே மாணவராக இருக்கிறார்.

எட்வர்ட் டெசி 1971 இல், விருப்பத்தோடு செய்யும் புதிருக்குப் பணம் கொடுத்தால் பணம் நின்றபின் ஆர்வம் குறைகிறது, சொல்லால் பாராட்டினால் கூடுகிறது என்று கண்டார். இவ்வகையில் சமூக வலுவூட்டல் பொருட்பரிசினும் மேலானது எனத் தோன்றியது. ஆனால் எல்லாப் பாராட்டும் ஒன்றன்று. கிளாடியா முல்லரும் கரோல் ட்வெக்கும் 1998 இல் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், அறிவாளி எனப் பாராட்டப்பட்டோர் பின்னர் தோல்வியைச் சந்தித்தபோது எளிதில் சோர்ந்தனர்; முயற்சிக்காகப் பாராட்டப்பட்டோர் அவ்வாறு சோரவில்லை.

கோட்பாட்டு அளவிலான குறைகூறலும் உண்டு. நடத்தை மிகுந்தால் அது வலுவூட்டல், வலுவூட்டப்பட்டதால் நடத்தை மிகுந்தது என்பது சுற்றிவளைத்த வாதம் என்று பலர் கூறினர். பால் மீல் 1950 இல் இதற்கு விடை கூறினார்: ஓரிடத்தில் வலுவூட்டியாக அமைந்த ஒன்று வேறு நடத்தைகளையும் வலுப்படுத்துகிறதா என்று தனியே சோதிக்கலாம். நோம் சோம்ஸ்கி 1959 இல் ஸ்கின்னரின் மொழி நூலுக்கு எழுதிய மதிப்புரையில், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வலுவூட்டல் என்ற சொல் எதையும் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்துவிடுகிறது என்று சாடினார். யாரும் கேளாத இடத்தில் பாடுபவருக்கும் எங்கோ ஒரு வலுவூட்டல் இருக்கவேண்டும் என்று சொல்லத் தொடங்கினால் அச்சாடல் நியாயமானதே.

மூளையும் சமூக ஊடகமும்

ஜப்பானின் கெய்சே இசுமா, நொரிஹிரோ சடாட்டோ முதலியோர் 2008 இல் மூளைப் படப்பதிவு முறையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பணம் பெறும்போதும் தம்மைப் பற்றிப் பிறர் கூறிய நல்ல மதிப்பீட்டைக் காணும்போதும் மூளையின் ஸ்ட்ரையாட்டம் எனும் பகுதி ஒத்த வகையில் செயற்பட்டது. பாராட்டையும் பணத்தையும் ஸ்கின்னர் ஒரே வரிசையில் வைத்தது இதனால் வலுப்பெற்றது எனலாம்.

ஃபேஸ்புக் தளம் 2009 இல் விருப்பப் பொத்தானை அறிமுகப்படுத்தியது. இதன் பின்னர் சமூக வலுவூட்டல் எண்ணக்கூடிய பொருளாகிவிட்டது. ஆய்வாளருக்கு வண்ணத்தாளும் பார்வையாளரும் தேவைப்படவில்லை. பியோர்ன் லிண்ட்ஸ்ட்ரோமும் கூட்டாளிகளும் 2021 இல், 4,000க்கும் மேற்பட்டோர் இட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தனர். பதிவுகளுக்கிடையிலான கால இடைவெளி, கிடைத்த விருப்பங்களுக்கேற்ப, விலங்குகள் உணவுக்காகக் கற்கும் முறையை ஒத்து மாறியதைக் கண்டனர்.

அதே ஆண்டில் வில்லியம் பிரேடி, மோலி குரோக்கெட் முதலியோர் அப்போது ட்விட்டர் என்றழைக்கப்பட்ட தளத்தில் 7,331 பேரின் ஒரு கோடியே இருபத்தேழு லட்சம் பதிவுகளை ஆராய்ந்தனர். அறச்சீற்றத்தை வெளியிட்ட பதிவுக்கு வழக்கத்தினும் மிகுந்த விருப்பங்களும் பகிர்வுகளும் பெற்றோர், பின்னர் மேலும் அறச்சீற்றத்தை வெளியிட்டனர். தீவிர அரசியல் நிலைப்பாடுள்ள வலையங்களில் இருந்தோர் முன்பே மிகுந்த சீற்றத்தை வெளியிட்டு வந்தனர். அவர்களிடம் அடுத்த விருப்பத்தின் விளைவு சிறியதாகவே இருந்தது.